தறிக்குழியில் கேட்ட அழுகை

"எனக்குப் பால் வத்திப் போச்சு, தம்பி" என்று ஆபிதா பீவி சொன்னது சுத்தப் பொய். வாய் கூசாமல், கண்ணைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள். சொன்ன அந்த நேரத்தில் அவளுடைய குப்பாயச் சட்டைக்குள் பால் கட்டி நெஞ்சு கல்லாகக் கனத்துக்கொண்டிருந்தது.

அவள் கெட்டவள் இல்லை. மேலப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புருஷன் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்புக் கடைக்குப் போய்விட்டதால், பால்குடி மறக்காத மகன் மீரானோடு தம்பி முகம்மது மைதீன் வீட்டில்தான் இருந்தாள். தம்பி தறி நெய்கிறவன். அவன் பெண்டாட்டி பாத்துவும் ஆபிதாவும் நாத்தனார் சண்டை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாதவர்கள்போல் ஒரே பானையில் பொங்கித் தின்றார்கள். பாத்து பிள்ளை உண்டாகியிருந்தபோதே ஆபிதா முந்திக்கொண்டாள். "பொட்டப்பிள்ள பொறந்தா எம் மீரானுக்குத்தான், ஆமா. வேற எவனும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது." பாத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பொறக்கட்டும் மைனி, பொறவு பேசுவோம்."

பெண்தான் பிறந்தது. பேசுவதற்குப் பாத்துதான் இல்லை. பிரசவத்திலேயே போய்விட்டாள்.

பாத்துவின் மையத்தை அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பும்போது பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. "மாமிக்காரி மடி இருக்கையில என்ன கவலை?" என்று மருத்துவச்சி பிள்ளையை ஆபிதாவிடம் நீட்டினாள். எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பின. அவளும் கையை நீட்டினாள். நீட்டும்போதுதான் அந்தப் பாழாய்ப்போன நினைப்பு வந்தது.

ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்கே பிள்ளை. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு உடன்பிறப்பு. அவர்களுக்குள் நிக்காஹ் ஹராம். ஆலிம்சாவிடம் போய்க் கேட்க வேண்டியதே இல்லை, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். இந்தச் சின்ன வாய் தன் மார்பில் பட்டால் மருமகள் மகளாகிவிடுவாள். மீரானுக்கு முறைப்பெண் இல்லை. தம்பியின் ஒற்றை மகளையும், வீட்டையும், தறியையும் நாளைக்கு எவனோ ஒருத்தன் வந்து கட்டிக்கொண்டு போவான்.

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள்.

அடுத்த தெரு ஜமீலா பீவியிடம் கேட்கவா என்றான் மைதீன். அவளுக்கும் கைப்பிள்ளை இருந்தது. "கண்ட வீட்டுப் பால் என்னத்துக்கு? ஆட்டுப்பால் போதும். நான் பாத்துக்கிடுதேன்" என்று ஆபிதா அதையும் அடைத்துவிட்டாள். ஜமீலா வந்து மடியில் போட்டுக்கொண்டால், கைப்பிள்ளைக்காரி உனக்கு மட்டும் எப்படி வற்றியது என்று தன் மடியை நாலு பேர் பார்ப்பார்களே என்கிற பயம். சும்மா சொல்லக்கூடாது, பார்த்துக்கொண்டாள்தான். ஆட்டுப்பாலைக் காய்ச்சி, தண்ணீர் விட்டு, துணித்திரியில் நனைத்து வாயில் வைத்தாள். பிள்ளை கக்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி கக்கியது. கால்கள் குச்சியாகின. ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் குப்பாயத்தின் முடிச்சை அவிழ்த்தேவிட்டாள். பிறகு, "நாளைக்கும் இப்படியே இருந்தா குடுத்திருவோம்" என்று தனக்குத்தானே சொல்லி முடிச்சைப் போட்டுக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு நாளை என்று ஒன்று வரவில்லை.

பொய்யைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? அதைக் காப்பாற்றவும் வேண்டுமே. மீரான் பால் குடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று காம்பில் வேப்பிலையை அரைத்துத் தடவினாள். பிள்ளை ஒரு தடவை வாயை வைத்துவிட்டு, உம்மாவா இப்படிக் கசக்கிறாள் என்று முகத்தைப் பார்த்து அழுதான். பால் வற்றுவதற்காக மல்லிகைப் பூவை நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டாள். ஊரில் எத்தனையோ பேருக்கு வற்றவைத்த பூ, இவளிடம் மட்டும் வாடி விழுந்ததே தவிரப் பால் நிற்கவில்லை. முருங்கை மரத்தடியில் யாரும் பார்க்காமல் பீய்ச்சி விட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கெல்லாம் மேலே மைதீன் வேறு. "நீ என்ன செய்வ லாத்தா? இருந்தா குடுத்திருக்க மாட்டியா? ராப்பகலாக் கண்ணு மூடாம பாத்தியே" என்று, அக்காளை எப்போதும் கூப்பிடுகிறபடி லாத்தா போட்டு, அவளுக்கு அவன் ஆறுதல் சொன்னான். அவன் இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை.

பாத்துவின் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த மறுநாள் மைதீன் நூல் வாங்கத் திருநெல்வேலிக்குப் போனான். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி அடங்கியிருந்தது. மீரான் தொட்டிலில் தூங்கினான். ஆபிதா சும்மா கிடந்த தறியைத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். அப்போது பிள்ளை அழும் சத்தம் கேட்டது. தொட்டிலைப் பார்த்தாள். மீரான் அசையவில்லை. சத்தம் தறிக்குழிக்குள்ளிருந்து வந்தது.

நெசவாளி தரையில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கிற குழி அது. முழங்கால் ஆழம்கூட இருக்காது. அதற்குள்ளிருந்து பச்சைப் பிள்ளையின் பசி அழுகை வருகிறது என்றால் ஈரக்குலை நடுங்காதா? நடுங்கியது. ஆனால் பால் அது பாட்டுக்குச் சுரந்துகொண்டு ஓடிவந்தது. பாத்துவின் பிள்ளைதான் கூப்பிடுகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பிஸ்மி சொல்லிக் குழிக்குள் காலை வைத்தாள். காலுக்குத் தரை தட்டவில்லை.

மண்ணும் வேரும் நூலுமாக முகத்தில் உரச, சறுக்கிக்கொண்டே போய் வெளிச்சத்தில் விழுந்தாள். விழுந்த இடம் தாமிரபரணிக் கரை. மருத மரங்களும் நாணலும் பாறைகளும் அவள் அறிந்தவைதான். ஆனால் ஆறு கிழக்கே கடலுக்குப் போகாமல் மேற்கே மலையைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. மலை உச்சியில் சூரியன் பாதி அமுங்கி, அதற்குமேல் இறங்க மனமில்லாமல் நின்றது. அங்கே எப்போதும் அந்திதான் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

எழுந்து நிற்பதற்குள் பத்திருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஆள்கள் என்று பார்த்தால் ஆள்கள். கோபம் வந்தால் மட்டும் மூஞ்சி நீண்டு, முதுகு மயிர் சிலிர்த்து, ஓநாயாகிவிடுகிறவர்கள். அன்றைக்கு எல்லாருக்கும் கோபம். ஆபிதா ஜின் கூட்டம் என்று நினைத்து ஓதத் தொடங்கினாள். அவர்களில் பெரியவன் கிட்டே வந்து அவளை மோந்து பார்த்தான். மோந்ததும் அவன் மூஞ்சி மெல்லச் சுருங்கி, காதோரம் நரைத்த ஒரு கிழவனின் முகமானது.

"ஏலே, பால்காரி இவ" என்றான் அவன் மற்றவர்களைப் பார்த்து. பிறகு அவளிடம், "பயப்படாத தாயி. எம் பேரு சங்கிலிபூதத்தான். ஓநாய்க்குடிக்கு நாந்தான் மூத்தவன். ஒரு பிள்ள பசியில கெடக்கு. வந்து அமத்து" என்று கும்பிட்டான்.

மரத்தடியில் பிள்ளை கிடந்தது. பாத்துவின் பிள்ளை இல்லை. காதில் பூனைமயிர் முளைத்த ஆண்குழந்தை. ஆபிதா சுற்றுமுற்றும் பார்த்தாள். "எம் மருமவ இங்கன இல்லையா?" என்று கேட்டாள்.

"செத்தவங்க வார வழி இது இல்ல, தாயி."

உட்கார்ந்து பிள்ளையை எடுத்து மடியில் போட்டாள். அது மோதி முட்டிப் பிடித்துக்கொண்டு குடித்தது. ஒவ்வொரு மிடறும் தொண்டையில் இறங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கொடுக்கிறது இவ்வளவு சின்ன வேலைதானா என்று நினைத்தபோது கண்ணீர் பொலபொலவென்று பிள்ளையின் தலையில் விழுந்தது.

பிள்ளை குடிக்கக் குடிக்கக் கிழவன் கதை சொன்னான். அக்கரையில் இருக்கிறவர்கள் உதிரக்குடி. ரத்தம் குடித்து உயிர் வாழ்கிறவர்கள். இந்தப் பிள்ளையின் தாயை அவர்கள்தான் குடித்துப் போட்டார்கள்.

"என்ன சண்ட உங்களுக்குள்ள?"

கிழவன் தலையைச் சொறிந்தான். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல ஆரம்பிச்சது. எதுக்குன்னு மறந்து போச்சு. ஆனா அவனுவதான் மொதல்ல ஆரம்பிச்சானுவ, அது மட்டும் நிச்சயம்." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். "சொந்தத்த நாங்க மூக்கால பாப்போம், அவனுவ நாக்கால பாப்பானுவ. சொந்தத்தக் கடிச்சா எங்களுக்கும் பல்லு கொட்டிரும், அவனுவளுக்கும் கொட்டிரும். பகையக் கடிச்சாப் பல்லு உறுதி."

அப்போது இன்னொரு அழுகை கேட்டது. மெலிந்த அழுகை. அழ வலுவில்லாத பிள்ளை அழுவது எப்படி இருக்கும் என்று ஆபிதாவைவிடத் தெரிந்தவர் யார்? நிமிர்ந்து பார்த்தாள். மருத மரக் கிளையில் ஒரு ஓலைப்பெட்டி தொங்கியது.

"அது அவங்க தலைவி மக" என்றான் கிழவன். "பதிலுக்குப் பதிலாத் தூக்கிட்டு வந்தோம். கடிச்சுக் கொல்லல. அவ்வளவு ஈனப்பட்டவங்க இல்ல நாங்க. சும்மா தொங்கவிட்டிருக்கோம்."

"பசிக்கி அழுவுதே."

"அழட்டும். இன்னைக்குப் பாவம்னு பாத்தா, நாளைக்கு வளந்து வந்து எங்க கழுத்தத்தான் கடிக்கும்."

நாளைக்கு. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆபிதாவுக்குத் தேகமெல்லாம் எரிந்தது. மடிப்பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு எழுந்தாள். ஒரு மனுஷரிடமும் வாய் திறந்து சொல்லாததை அந்த ஓநாய்களிடம் சொன்னாள்.

"நாளைக்குன்னு எங்கிட்டச் சொல்லாதீரும். நாளைக்கி நடக்கப்போற ஒரு கல்யாணத்துக்காக இன்னைக்கிப் பிள்ளயப் பட்டினி போட்டவ நான். எந் தம்பி மவ. மடி நெறயப் பால வச்சிக்கிட்டு இல்லன்னு சொன்னேன். அந்தப் பிள்ள எம் முகத்தப் பாத்துக்கிட்டே செத்துச்சு. மையவாடியில கெடக்கு, கல்யாணப் பொண்ணு! அந்தப் பெட்டிய எறக்கும்."

ஒருவரும் அசையவில்லை. அவளே பாறைமேல் ஏறிப் பெட்டியை இறக்கினாள். இரண்டு மூன்று பேர் உறுமினார்கள். ஆனால் தங்கள் குலக்கொழுந்துக்கு இப்போதுதான் பால் கொடுத்தவள் அவள். கடிப்பதற்கு அவர்களுக்கு வாய் வரவில்லை. பெட்டிக்குள் வெளுத்துப்போன பெண்குழந்தை. வாயில் ஊசிபோல் இரண்டு பல்.

"தாயி, அது பால் குடிக்காது. பிடிச்சா உசிரு போற வர விடாது" என்று கிழவன் பதறினான்.

"போனாப் போவட்டும்" என்றாள் ஆபிதா. அதை வீம்புக்குச் சொல்லவில்லை. அந்த நேரம் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள்.

பிள்ளை கடித்தது. உச்சந்தலை வரைக்கும் வலி ஏறியது. பாலும் ரத்தமும் சேர்ந்து வந்ததைப் பிள்ளை முதலில் துப்பியது, பிறகு விழுங்கியது, பிறகு ஆவலாகக் குடித்தது. ஆபிதாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையும் காலும் குளிர்ந்தன. பாத்துவின் பெண் கடைசியாக எப்படிக் குளிர்ந்து கிடந்தாளோ அப்படி. பிடுங்கிப் போட்டுவிடு என்று உடம்பு சொன்னது. அவள் கையை மட்டும் பிள்ளையின் முதுகிலிருந்து எடுக்கவில்லை. மெல்ல மெல்லப் பிள்ளையின் கன்னத்தில் சிவப்பு ஏறியது. ஏப்பம் விட்டது. தானாகவே வாயை எடுத்துவிட்டுத் தூங்கிப்போனது.

அதே நேரத்தில் ஆற்றின் குறுக்கே இருந்த அணைக்கட்டின் மேல் உதிரக்குடி வந்துவிட்டது. பட்டு உடுத்தி, வெற்றிலை போட்ட வாய்போல் உதடு சிவந்து, அலுங்காமல் நடந்து வந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை. பல் இருக்கும்போது என்னத்துக்கு? முன்னால் தலைவி வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் முகம் எந்தச் சாதியில் பிறந்தாலும் ஒன்றுதான். ஓநாய்க்குடி மொத்தமும் மூஞ்சியை நீட்டிக்கொண்டு பாய நின்றது.

ஆபிதா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு இடுப்பில் எடுத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடுவில் போய் நின்றாள்.

"மோந்து பாரும்" என்று பெண்பிள்ளையைக் கிழவன் பக்கம் நீட்டினாள். "ருசிச்சுப் பாரு" என்று ஆண்பிள்ளையைத் தலைவி பக்கம் நீட்டினாள்.

கிழவன் மோந்தான். மறுபடி மோந்தான். காது இரண்டும் தொங்கிப்போயின. தங்கள் பிள்ளைமேல் வீசிய அதே பால் மணம். தலைவி நகத்தால் ஆண்பிள்ளையின் விரலைச் சொட்டு ரத்தம் வரக் கீறி நாக்கில் வைத்தாள். தன் மகள் உடம்பில் ஓடுகிற ருசி அதிலும் இருந்தது.

"ஒரே மடிப் பால் குடிச்சிருக்குங்க" என்றாள் ஆபிதா. "எங்க சட்டத்துல இதுங்க அண்ணன் தங்கச்சி. இதுல ஒண்ணுக்குச் சொந்தமானவன் இன்னொண்ணுக்கும் சொந்தம். இனி எவன் எவனக் கடிக்கான்னு பாப்போம். பல்லு கொட்டுறதுக்குச் சம்மதம்னா கடிங்க."

இரண்டு பக்கமும் உதட்டுக்குள் நாக்கைவிட்டுப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். பரம்பரைப் பகை இப்படி ஒரு மடியில் முடிந்துபோகும் என்று யார் கண்டார்கள்! ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் முறைத்துக்கொண்டு பந்தியில் உட்காருவார்களே, அப்படி எதிரும் புதிருமாக ஆற்றங்கரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பதுதான் பெரிசு.

"இனிமே இதுங்க ரெண்டுக்கும் கல்யாணம் மட்டும் ஆவாது" என்றாள் ஆபிதா. சொல்லிவிட்டுச் சிரிக்கப்போனவள் விம்மி விம்மி அழுதாள். ஊர் பேர் தெரியாத இரண்டு பிசாசுப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை, சொந்தத் தம்பியின் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே.

தலைவி மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ அங்கன நின்னு சொன்னது ஆத்தோட காத்துல எங்களுக்கும் கேட்டுச்சு" என்றாள் மெதுவாக. "எனக்கு ஒரு வித்த தெரியும். உம் பால இந்த நிமிஷமே வத்த வச்சிருவேன். பல்லுக் காயத்தையும் ஆத்திருவேன். துணியும் காஞ்சிரும். வீட்டுக்குப் போனா ஒரு குஞ்சுக்கும் தெரியாது. நீ சொன்ன பொய்யி மெய்யாயிரும்."

ஆபிதா மூச்சை அடக்கிக்கொண்டாள். மல்லிகைப் பூவைக் கட்டிக்கொண்டு இத்தனை நாளாக அவள் அல்லாஹ்விடம் கேட்ட துஆவே இதுதான். தலைவியின் குளிர்ந்த விரல்கள் அவள் நெஞ்சருகே வந்தன. இனி மரத்தடியில் ஒளிந்து பீய்ச்ச வேண்டாம். இனிப் பயம் இல்லை. சாகிறவரைக்கும் தம்பி, 'இருந்தா குடுத்திருக்க மாட்டியா லாத்தா' என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவளும் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

"வேண்டாம்மா" என்று அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். "எந் தம்பி அத இன்னொரு தடவ சொன்னா என்னால கேக்க முடியாது."

சங்கிலிபூதத்தான் அவளை, அவள் வந்து விழுந்த பாறை இடுக்கு வரைக்கும் கூட்டிவந்து மேலே தூக்கிவிட்டான். மண்ணும் வேரும் நூலும் மறுபடி முகத்தில் உரசின. மிதிகட்டை கைக்குத் தட்டுப்பட்டது. பிடித்து ஏறினாள்.

தறிக்குப் பக்கத்தில் மைதீன் நின்றுகொண்டிருந்தான். நூல் கட்டு வாசலோரம் கிடந்தது. தோளில் மீரான் அழுதுகொண்டிருந்தான். "எங்கன போன லாத்தா? பிள்ள தொட்டில்ல கெடந்து அழுது தொண்ட கட்டிப்..." அவன் பேச்சு பாதியில் நின்றது.

அவள் குப்பாயம் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் நனைந்திருந்தது. நடுவில் கொஞ்சம் ரத்தம். மற்றதெல்லாம் பால். பாலின் வாடை அந்தச் சின்ன அறை முழுக்க வந்துவிட்டது. முக்காட்டை இழுத்து மூடிக்கொள்ள அவள் கை தானாக உயர்ந்தது. உயர்ந்த கையைக் கீழே இறக்கினாள்.

"வத்தல, தம்பி" என்றாள். "அன்னைக்கும் வத்தல."

மைதீனுக்குப் புரிய நேரமாயிற்று. புரியக் கூடாது என்று அவன் முகம் பாடுபட்டதை அவள் நின்று பார்த்தாள்.

"பொறவு ஏன்?"

"பால் குடுத்திட்டா மீரானுக்குக் கட்ட முடியாதே."

அவன் சத்தம் போடவில்லை. "கல்யாணமே வேண்டாம்னு நான் சொல்லியிருப்பேனே" என்றான். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "கேட்டிருக்கலாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றான்.

பிள்ளையை அவள் கையில் கொடுத்தான். தறியில் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டான். காலுக்குத் தரை இருந்தது. பாத்து போனதிலிருந்து சும்மா கிடந்த தறி முதல்முதலாகச் சத்தம் போட்டது. ஓர் இழை ஓடும், நிற்கும். வெகுநேரம் கழித்து இன்னொரு இழை ஓடும்.

ஆபிதா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து காயம் படாத பக்கத்தைத் துடைத்துவிட்டு மீரானை அணைத்தாள். பால் தானாக வழிந்தது. மீரான் அதைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். வேம்பு ஞாபகத்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டான். மறுபடி பக்கத்தில் கொண்டுபோனாள். கையால் தள்ளிவிட்டு அழுதான். அவளும் அழுதாள்.

தறிச் சத்தம் நின்றது. மைதீன் திரும்பிப் பார்க்கவில்லை.

"பையப் பைய குடு. பழகிக்கிடுவான்" என்றான்.

லாத்தா என்று சொல்லவில்லை.